மேலமாசியிலிருந்து சித்திரை வீதிக்கு: ஒரு குடும்பத்துக்காகப் போட்ட மதுரை நடை

மதுரையைச் சுற்றிக்காட்டச் சொல்லி வருகிற முதல் செய்தியில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், நேரம் இருந்தால் அழகர்கோவில், திருப்பரங்குன்றம், நடுவில் எங்காவது ஒரு ஜிகர்தண்டா. அந்தப் பட்டியலை அப்படியே முடித்துக் கொடுத்தாலும் வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் ஊருக்குப் போவார்கள். ஆனால் அதற்கு ஊர் தெரிந்த கார் டிரைவர் ஒருவர் போதும், என்னைப் போல ஒரு குடும்பத்தை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டு பழைய ஊருக்குள் நடக்கிற வழிகாட்டி எதற்கு? தனி நடை எந்த இடத்தில் வேறாகிறது என்று சக வழிகாட்டிகளும், வர நினைப்பவர்களும் அடிக்கடி கேட்பதால், சமீபத்தில் நடத்திய ஒன்றை முதலிலிருந்து எழுதுகிறேன்.

வந்தவர்கள் மூன்று பேர். எழுபத்தைந்தைத் தாண்டிய ஒரு பெரியவர், அறுபதுகளில் மதுரையில் தங்கிக் கல்லூரி படித்தவர், முழங்கால் வலி உண்டு. அவருடைய மகள், அமெரிக்காவில் பிலடெல்பியாவில் வேலை. மகளின் பையன், தமிழ் நன்றாகப் புரியும், பேசக் கொஞ்சம் யோசிப்பான். மகள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் இரண்டு நாளுக்கும் தாங்காது, அவர்களுக்கு இருந்தது ஒரே நாள்.

போனில் பேசும்போது, "பட்டியலை ஓரமா வச்சிருவோம்மா, மூணு பேரும் ஆளுக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அதை வச்சு வழி போட்டுத் தர்றேன்" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை, அப்பாவிடமும் பையனிடமும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் பதில் வந்தது.

மகளுக்கு: பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் ஒரு கல்தூண் மண்டபம் இருக்கிறது, மதுரைக் கோயில் ஒன்றிலிருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு: புது மண்டபத்தில் சட்டை தைத்துக்கொண்ட இடத்தைப் பார்க்க வேண்டும். பையனுக்கு: ராத்திரி கோயிலை எப்படி மூடுவார்கள் என்று பார்க்க வேண்டும்.

இந்த மூன்றையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று ஊருக்கு மேற்கே, ஒன்று கிழக்கே, ஒன்று நட்ட நடுவே. இதைவிட நல்ல வழித்தடத்தை நானாக உட்கார்ந்து யோசித்திருந்தாலும் போட்டிருக்க முடியாது.

மதுரைக்கு நடக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது, அதை ஊரே சொல்லிக் கொடுத்துவிடும். நடுவில் கோயில். கோயில் மதிலுக்குள்ளேயே ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. வெளி வீதிகள் இருக்கும் இடத்தில்தான் நாயக்கர் காலக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களை ஒட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து அந்த நிலத்தை ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த வேலையைப் பார்த்த இரண்டு பேரின் பெயரில்தான் இன்றைக்கும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் காரில் நேராகக் கோயில் வாசலில் இறங்கி, சாமி கும்பிட்டுவிட்டு, அப்புறம் வெளியே வந்து "இனி என்ன பார்க்க?" என்று கேட்கிறார்கள். அப்படி வந்தால் இந்த வீதிகள் எல்லாம் வெறும் போக்குவரத்து நெரிசலாகத்தான் தெரியும். வெளியிலிருந்து ஒவ்வொரு சுற்றாக உள்ளே வந்தால் ஒவ்வொரு வீதியிலும் கடை மாறுவது, வீட்டு முகப்பு மாறுவது, வாசனை மாறுவது எல்லாம் பிடிபடும். அதனால் என் நடைகளில் கோயில் எப்போதும் கடைசி.

பெரியவரின் முழங்காலை மனதில் வைத்து நாளை இரண்டாக உடைத்தேன். காலை ஆறரைக்கு மேலமாசி, ஒன்பதரைக்குள் முடித்துவிட்டு விடுதிக்கு. பகல் முழுக்க ஓய்வு. கோயில் நடை மத்தியானம் சாத்தி மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், சூடேறிய கல்தளத்தில் செருப்பில்லாமல் வயசானவரை நடக்க வைப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. மாலையில் விளக்குத்தூணில் தொடங்கி, கீழமாசி வழியாகக் கோயில்.

காலை

மேலமாசி வீதி மதனகோபால சுவாமி கோயிலைத் தேடிக்கொண்டு வெளியூர்க்காரர்கள் வருவது அபூர்வம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கடைகளுக்கு நடுவில், கவனிக்காமல் கடந்துவிடக்கூடிய வாசல். 1912-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி மதுரைக்கு வந்தபோது, இந்தக் கோயில் வளாகத்தில் பழைய மண்டபம் ஒன்றின் சிற்பத் தூண்களும் கற்களும் பிரித்துக் குவிக்கப்பட்டுக் கிடந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட கற்களை அவர் விலை கொடுத்து வாங்கிக் கப்பலில் ஏற்றினார். அவர் இறந்த பிறகு, 1919-இல் குடும்பத்தார் அவர் நினைவாக அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டுத் தூண்கள், இன்று அங்கே ஒரு மண்டபமாக நிறுத்தப்பட்டிருக்கின்றன.

மகள் தன் போனில் அந்த மண்டபத்தின் படங்களை வைத்திருந்தார். பையன் ஒரு படத்தை வாங்கிக் கோயில் தூணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். "அங்க தொடக்கூடாது" என்றான். இங்கே தூணின் அடியில் குங்குமமும் விபூதியும் சந்தனமுமாக அப்பிக் கிடந்தது, யாரோ கையில் மிஞ்சிய எண்ணெயைக் கல்லில் துடைத்திருந்தார்கள், ஒரு அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து துளசியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வித்துட்டாங்களா தம்பி?" என்று கேட்டார்.

இந்த மாதிரி இடத்தில் வழிகாட்டிகள் பலர் குரலை உயர்த்துவார்கள். கொள்ளை போய்விட்டது, வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னால் கேட்பவருக்கு உடனே சூடேறும், அது சுலபமாக எடுபடும். நான் தெரிந்ததை மட்டும் சொன்னேன்: குவியலாகக் கிடந்தது, விலைக்கு வாங்கினார்கள், அந்தக் காலத்தில் இப்படிப் பல கோயில்களில் திருப்பணிக்காகப் பழைய மண்டபங்களைப் பிரிப்பது நடந்ததுதான். சரியா தப்பா என்று அப்பாவும் மகளும் அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். இங்கேயே இருந்திருந்தால் சுண்ணாம்படித்திருப்பார்கள் என்றார் மகள். சுண்ணாம்படித்தாலும் சாமிக்கு முன்னால் இருந்திருக்கும் என்றார் அப்பா. நான் குறுக்கே போகவில்லை. இருபது பேர் கூட்டத்தோடு வந்திருந்தால் இந்தப் பேச்சை நடுவில் நிறுத்தி "அடுத்த இடத்துக்குப் போலாமா" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். தனி நடையில் கிடைக்கிற பெரிய வசதி இதுதான், பேச்சு முடியும்வரை நிற்கலாம்.

அதே வீதியில் இம்மையிலும் நன்மை தருவார் கோயில். சிவனே சிவலிங்கத்தைப் பூஜிக்கும் கோலம், கருவறையில் லிங்கத்தின் பின்பக்கம்தான் நமக்குத் தெரியும். பெரியவர் மாணவராக இருந்தபோது பரீட்சைக்கு முன்னால் இங்கே வருவாராம், எனவே அவரே பேரனுக்கு எல்லாம் சொன்னார், எனக்கு வேலை வைக்கவில்லை.

அப்புறம் 251-ஆம் எண் கட்டிடம். 1921 செப்டம்பர் 22 அன்று காலை, இந்த மாடியில்தான் காந்தி சட்டையையும் தலைப்பாகையையும் விட்டுவிட்டு முழங்கால்வரை வேட்டி என்ற கோலத்துக்கு மாறினார். இப்போது கீழே கதர்க்கடை இருக்கிறது. மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் கதர் உடுத்தச் சொல்லி அவர் பேசியபோது, வாங்க வசதியில்லை என்று ஜனங்கள் சொன்ன பதில் அவரை விடவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். காந்தி மியூசியம் மகளின் பட்டியலில் இருந்தது. ஆற்றுக்கு வடக்கே, காரில் போக வேண்டும். அதை எடுத்துவிடச் சொன்னபோது அவருக்கு வருத்தம்தான், இந்த வாசலில் நின்ற பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கோயிலைச் சுற்றி "வாங்க, எங்க மொட்டை மாடியிலிருந்து கோபுரம் அருமையாத் தெரியும், இலவசம்" என்று கூப்பிடும் கைவினைக் கடைகள் இருக்கின்றன. மாடிக்குப் போகும் வழி கடைக்குள்ளே மூன்று தளம் சுற்றித்தான் போகும். ஆள் கூட்டி வருபவருக்குக் கமிஷன் உண்டு, அந்தக் கமிஷன் வாங்குகிற பொருளின் விலையில்தான் ஏறும். தனி நடைக்கு நல்ல கட்டணம் வாங்கிக்கொண்டு அதே ஆட்களை அந்தக் கடைக்கும் கூட்டிப்போவதை நான் ஏற்கவே மாட்டேன். முதல் போனிலேயே சொல்லிவிடுவேன்: நீங்களாகக் கேட்டால் ஒழிய எந்தக் கடைக்கும் கூட்டிப்போக மாட்டேன், கூட்டிப்போகிற கடையில் எனக்குப் பத்துப் பைசா கிடையாது. இதைச் சொன்ன பிறகு அவர்கள் நடக்கிற விதமே மாறிவிடும், ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறானோ என்ற பயம் இருக்காது.

மாலை

விளக்குத்தூண் பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊர்க்காரர்கள் நிறுத்தியது. காலையில் வெளி வீதிக் கதையைச் சொல்லியிருந்ததால் பையனுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருந்தது. அங்கிருந்து பத்துத்தூண் சந்து. துணிக்கடை மூட்டைகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் பத்துக் கருங்கல் தூண்கள், மேலே கூரை கிடையாது. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையில் மிச்சம் இருப்பது கால்வாசி போலத்தான், பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று எல்லோரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மகாலுக்கும் இந்தச் சந்துக்கும் நடுவே எத்தனை தெரு, எத்தனை வீடு இருக்கிறது என்று பார்த்தால்தான் பழைய அரண்மனையின் அளவு உறைக்கும். மகாலுக்குள் போகாமலே அந்த அளவைக் காட்டிவிட முடிந்தது. "நான் படிச்ச காலத்துல மகால்ல கோர்ட் நடந்துச்சு, வக்கீல்களும் கட்சிக்காரங்களுமா நிப்பாங்க" என்றார் பெரியவர். சரிதான், 1970 வரைக்கும் அங்கே நீதிமன்றம் இருந்தது.

அந்தச் சந்துக்கு அக்கம்பக்கத்தில் சௌராஷ்டிரர்கள் அதிகம், சுங்குடிச் சேலைக் கடைகளும் அதிகம். மகள் ஒரு சேலையைக் கையில் எடுத்துப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். அச்சடித்ததில் துணி வழுவழுப்பாக இருக்கும், கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியதில் ஒவ்வொரு புள்ளியும் சின்னதாகப் புடைத்து நிற்கும், எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இருக்காது. கடைக்காரரே இரண்டையும் அருகருகே விரித்துக் காட்டினார்.

புது மண்டபம்தான் எனக்குக் கவலை கொடுத்த இடம். பெரியவர் மனதில் இருந்தது ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய மண்டபம்: தூணுக்குத் தூண் தையல் மிஷின், பழைய பாடப்புத்தகக் கடைகள், வளையல், பித்தளைப் பாத்திரம், நடுவே நாயக்க மன்னர்களின் சிலைகள். இப்போது கடைகளை எல்லாம் காலி செய்து, பக்கத்தில் புதுப்பித்த குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோயில் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம், சிற்பங்கள் எண்ணெய் பிசுக்கும் புகையும் ஏறிக் கிடந்தன, காலி செய்தது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தையல் மிஷின் சத்தத்தை எதிர்பார்த்து வருகிற ஒருவரை வெறுமையான மண்டபத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் மனசு ஒடிந்துபோகும். எனவே வரிசையை மாற்றி வைத்திருந்தேன். முதலில் சத்திரம், அதன் பிறகு மண்டபம்.

சத்திரத்தில் ஒரு டெய்லரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன், வியாபார நேரத்தில் போய் நின்று பேசுவதால் அவருக்கு ஒரு வேலையும் கொடுத்துவிடலாம் என்று. புது மண்டபத்திலேயே அப்பா காலத்திலிருந்து தைத்தவர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் போடுகிறவர்களுக்கு உடை தைப்பதுதான் இவர்களுடைய பெரிய சீசன். சிவப்பு வெல்வெட் துணியை மேஜையில் விரித்து, ஜரிகைப் பட்டையை ஓரத்தில் வைத்து, ஒரு கையால் இழுத்துக்கொண்டே மறுகையால் ஓட்டினார், சாக்பீஸ் கோடு ஒன்றுகூடப் போடவில்லை. சல்லடம், குல்லா, உறுமால் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பையனின் மேல் வைத்துக் காட்டினார்.

பெரியவர், "எனக்கு அப்ப சட்டை தெச்சவர் கிழக்குப் பக்கம் மூணாவது தூண்கிட்ட இருப்பார்ணே, மூக்குக் கண்ணாடிய நூல்ல கட்டியிருப்பார்" என்றார். டெய்லர் அவரைவிட இளையவர்தான், ஆனாலும் கடைக்காரரை அண்ணே என்று கூப்பிடுகிற மதுரைப் பழக்கம் இவரிடம் இன்னும் போகவில்லை. "எந்தத் தூணுங்கய்யா, ரெட்டை யாளி இருக்குமே அதா?" என்று டெய்லர் கேட்க, பெரியவர் இல்லை என்று சொல்ல, தூண் தூணாக இரண்டு பேரும் மனசுக்குள்ளேயே மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். அந்தத் தையல்காரர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. பேரனுக்கு ஒரு சின்னக் குல்லா தைக்கச் சொல்லிவிட்டு, மண்டபத்தின் முன்னால் வந்து நின்றபோது, பெரியவர் காலியான மண்டபத்தைப் பார்த்து, "இத்தனை சிலை இருந்துச்சா இங்க? நாங்க பாக்கவே இல்லையே" என்றார். நான் பயந்த மாதிரி ஆகவில்லை. வெளிப்புறத் தூண்களில் பாயும் யாளிகளையும் குதிரைகளையும் பேரனுக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

கோயிலுக்குள் போகும்போது போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். 2018 பிப்ரவரி 2 அன்று வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு இந்தக் கட்டுப்பாடு வந்தது. போன் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் தேடுவது பெரும்பாடு. அதனால் "பிரிஞ்சா பொற்றாமரைக் குளத்தோட தெற்குப் படி" என்று வாசலிலேயே முடிவு செய்துகொள்வோம். பையனைத் திருப்பிச் சொல்லச் சொல்லி உள்ளே கூட்டிப்போனேன்.

நுழையும் முன், 1939 ஜூலை 8 பற்றிப் பேசினேன். எந்த நடையிலும் இதை நான் விடுவதில்லை. அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட சிலர் இந்தக் கோயிலுக்குள் போனார்கள், அதுவரை தலித் மக்களுக்கும் நாடார்களுக்கும் இந்த வாசல் கிடையாது. கோபுரத்தின் உயரத்தையும் சுதைச் சிற்பங்களின் எண்ணிக்கையையும் மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போவது ஊருக்குச் செய்கிற துரோகம் என்றே நினைக்கிறேன். கக்கன் பெயரைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்தார், அவர் மந்திரியாக இருந்த காலத்தில் எப்படி எளிமையாக இருந்தார் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

உள்ளே நான் அதிகம் பேசவில்லை. பெரியவரைக் குளத்துப் படியில் உட்கார வைத்தோம். ஒன்பது மணியை ஒட்டிப் பள்ளியறைப் பூஜை: சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, நாதஸ்வரமும் சாமரமும் தீவட்டியுமாக, சுவாமி சன்னதியிலிருந்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். "அப்ப காலைல திரும்பி வருவாரா?" என்று பையன் கேட்டான். வருவார், விடியற்காலை திருப்பள்ளியெழுச்சி பாடி எழுப்புவார்கள் என்றேன். அதையும் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தான், மகளுக்கு விமானம் மறுநாள் மத்தியானம்தான் என்பதால் தாத்தாவும் பேரனும் மட்டும் காலையில் போய்வந்தார்கள், என் துணை இல்லாமல்.

கணக்கு

அன்றைக்கு விட்டுப்போனவை நிறைய. மகால் உள்ளே, காந்தி மியூசியம், தெப்பக்குளம், ஆயிரங்கால் மண்டபம், கூடலழகர் கோயில், காஜிமார் பெரிய பள்ளிவாசல். ஜிகர்தண்டாகூடக் குடிக்கவில்லை, காலையில் மேலமாசியில் பருத்திப்பால் குடித்ததோடு சரி. ஆனாலும் மகள் கிளம்பும்போது, பட்டியலில் எதையாவது விட்டுவிட்டோமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, வண்டியோடு சுற்றிக்காட்டுகிறவர்களுக்கு அது சரிவரும். நடைக்கு அது ஒத்துவராது. இடத்துக்குப் பணம் வாங்கினால் வழிகாட்டியின் மனசு எண்ணிக்கையிலேயே இருக்கும், மதனகோபால சுவாமி கோயிலில் அப்பாவும் மகளும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது நான் கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். அரை நாள், முழு நாள் என்று நேரத்துக்குப் பேசுவதுதான் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. டெய்லர் மாதிரி தொழிலை நிறுத்திப் பேசுகிறவர்களுக்கு ஏதாவது வேலையோ வியாபாரமோ போய்ச் சேரும்படி முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும், அந்தச் செலவையும் கட்டணத்திலேயே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இந்து அல்லாத வெளிநாட்டவர்கள் வந்தால் இதே தடம் அப்படியே எடுபடாது. கருவறைப் பக்கம் அவர்களுக்கு அனுமதி கிடையாது, பள்ளியறைப் பூஜையின் பாதியை வெளியில் நின்றுதான் பார்க்க முடியும். அவர்களுக்கு மாலைப் பகுதியைப் பத்துத்தூணிலும் கீழமாசித் தேர்முட்டியிலும் நீட்டி வைப்பேன், கோயிலைச் சுருக்குவேன், ஏன் சுருக்குகிறேன் என்பதையும் முதல் போனிலேயே சொல்லிவிடுவேன்.

தீராத பிரச்சினை ஒன்று உண்டு, கழிப்பறை. மாசி வீதிகளுக்குள் வயசானவர்களும் பெண்களும் தயங்காமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை எங்கே என்பதுதான் என் தடங்களை உண்மையில் தீர்மானிக்கிறது, சிற்பமோ சரித்திரமோ அப்புறம்தான். காலை நடையை மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்காததற்கும் அதுவே காரணம். இப்போது வடக்குமாசிப் பக்கம் இதேபோல் ஒரு தடம் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அங்கே ஒரு சத்திரத்துக்காரரிடம் வருகிறவர்களுக்குக் கழிப்பறையைத் திறந்துவிடக் கேட்டிருக்கிறேன். பராமரிப்புக்கு மாதம் ஒரு தொகை கொடுத்தால் சரி என்றிருக்கிறார், தொகை இன்னும் பேசி முடியவில்லை.